அம்மாவுக்கு ப்ளூடூத் உள்ள காது மிஷின்: போன், டிவி, லேப்டாப் மூன்றோடும் ஒத்துப்போகுமா?

நிலாமுற்றம்:

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்ததில் மிதமான இழப்பு, கீச்சென்ற ஒலிகளில்தான் அதிகம் என்றார்கள். அம்மாவின் புகாரும் அதேதான்: "நீ பேசுறது கேக்குது, என்ன பேசுறேன்னுதான் புரியல."

மிஷின் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். ஒன்று எந்த போனோடும் சேரும் என்கிறார்கள். இன்னொன்று ஐபோனோடும் சில ஆண்ட்ராய்டு போன்களோடும் மட்டும் சேருமாம், ஆனால் பார்க்கச் சின்னதாக இருக்கிறது, சார்ஜும் கூடுதலாக நிற்கும் என்கிறார்கள். அம்மாவிடம் இருப்பது கொஞ்சம் பழைய ஆண்ட்ராய்டு. போன் பேச வேண்டும், டிவி பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், அவ்வளவுதான் தேவை. என் இயர்பட்ஸ் எதோடு வேண்டுமானாலும் சேர்கிறது, இதற்கு மட்டும் ஏன் இத்தனை நிபந்தனை? ப்ளூடூத் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இன்னொன்று, ஆப் திறந்து எதையாவது தள்ளிச் சரிசெய் என்றால் அம்மா அதைத் தொடவே மாட்டார்.

---

பழையகாது:

ஒன்றில்லை, அங்கேதான் எல்லாரும் சிக்குகிறோம். நான் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பவன், மூன்று வகையையும் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உங்கள் இயர்பட்ஸில் இருப்பது பழைய ப்ளூடூத், அதாவது கிளாசிக். அது கரண்டைக் குடிக்கும். இயர்பட்ஸ் சில மணி நேரம் ஓடினால் போதும், பிறகு பெட்டிக்குள் போய்விடும். காது மிஷின் காலையிலிருந்து இரவு வரை ஓடியாக வேண்டும், பேட்டரியோ பட்டாணி அளவு. அதனால் ஆப்பிள், குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத் எல்.ஈ.யின் மேல் தனக்கென்று ஒரு வழி போட்டது. "மேட் ஃபார் ஐபோன்" என்று பெட்டியில் எழுதியிருப்பது அதுதான், 2014 வாக்கில் கடைக்கு வந்தது. கூகுள் ஆஷா என்று வேறொரு வழி போட்டு ஆண்ட்ராய்டு 10இல் சேர்த்தது. ஆனால் ஆண்ட்ராய்டு 10 இருந்தால் மட்டும் போதாது, போன் தயாரித்த கம்பெனியும் அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். உங்களுக்குச் சொன்ன "சில ஆண்ட்ராய்டு போன்கள்" என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் ஹியரிங் டிவைஸ் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்ல அறிகுறி, ஆனாலும் மிஷின் கம்பெனியின் தளத்தில் உங்கள் போன் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எந்த போனோடும் சேரும் என்று சொன்னது அநேகமாக போனாக் (Phonak) என்ற கம்பெனியின் வகையறாவாக இருக்கும், அவர்கள் கிளாசிக் ப்ளூடூத்தையே மிஷினுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சாதாரண பட்டன் போனில் ப்ளூடூத் இருந்தால்கூடச் சேரும். பேசும்போது அம்மாவின் குரலை மிஷினில் உள்ள மைக்கே எடுத்துக்கொள்ளும், போன் மேஜையில் கிடக்கலாம். மற்ற வகையில் பெரும்பாலும் எதிர்முனைக் குரல் காதுக்கு வரும், ஆனால் நம் குரலை எடுப்பது போனின் மைக். போனைக் கையில் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வாங்கிய பிறகு "நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கலையாம்" என்று முழிப்பார்கள்.

மூன்றாவது வழி எல்.ஈ. ஆடியோ. 2020இல் அறிவித்தார்கள், இப்போது புதிய மிஷின்களில் வருகிறது. கம்பெனி பேதமில்லாத பொது முறை, இருபக்கமும் ஒலி போகும், கரண்டும் குறைவு. எதிர்காலம் இதுதான், சந்தேகமில்லை. ஆனால் பழைய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு இன்றைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. போனையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் நீங்கள் முதலில் சொன்ன, எந்த போனோடும் சேரும் வகையைத்தான் எடுப்பேன். சார்ஜ் கொஞ்சம் குறைவாக நின்றாலும் ராத்திரி போட்டால் மறுநாள் முழுக்க வரும்.

---

ஒலியளவு:

நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மிஷினைப் பொருத்தித் தருபவர். மேலே சொன்னதில் தவறில்லை, ஆனால் தினமும் நான் பார்ப்பது என்னவென்றால், ப்ளூடூத்தை வைத்து மிஷினைத் தேர்ந்தெடுத்து, பேச்சு சரியாகப் புரியாமல் அலமாரியில் வைத்துவிட்டு வருபவர்கள். நேரில் எதிரே உட்கார்ந்து பேசுவது புரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ரியல் இயர் மெஷர்மென்ட் செய்வார்களா என்று கேளுங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, மிஷின் போட்ட பிறகு செவிப்பறைக்குப் பக்கத்தில் நிஜமாக எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளப்பார்கள். அது இல்லாமல் கம்ப்யூட்டர் சொன்ன கணக்கிலேயே விட்டுவிட்டால், அதே மிஷின் ஒருவருக்கு நன்றாகவும் இன்னொருவருக்கு மோசமாகவும் இருக்கும்.

போன் விஷயத்தில் ஒன்று. கீச்சென்ற உச்ச ஒலிகளில் மட்டும் இழப்பு இருப்பவர்களுக்கு ஓட்டை வைத்த மென்மையான டோம் (காதுக்குள் போகும் முனை) போடுவோம், காது அடைத்த மாதிரி இருக்காது, சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது போல ஒலிக்காது. ஆனால் போனிலிருந்து வரும் பாட்டு, பேச்சு எல்லாவற்றிலும் அடித்தொனி அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும், சன்னமாகத்தான் கேட்கும். இது மிஷினின் கோளாறு அல்ல. அம்மா பாட்டுக் கேட்பதில் பிரியம் உள்ளவர் என்றால் மூடிய டோம் போட்டுப் பார்க்கலாம், இரண்டையும் மாற்றி மாற்றி.

சோதனைக்கு மிஷின் தருவார்கள் என்றால் அம்மாவின் சொந்த போனையே எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் போனில் எல்லாம் அழகாக வேலை செய்யும்!

---

சுருள்கம்பி:

டிவி பற்றி யாரும் சொல்லவில்லையே. டிவியின் ப்ளூடூத்தில் மிஷினை நேரடியாகச் சேர்க்க முயற்சி பண்ண வேண்டாம். சேர்ந்தாலும் கிளாசிக் ப்ளூடூத்தில் ஒலி பின்தங்கி வரும், உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். டிவியில் மாட்டி அதன் ஒலியை மிஷினுக்கு அனுப்ப மிஷின் கம்பெனியே விற்கும் சின்னப் பெட்டியை வாங்குங்கள். அது தன் சொந்த முறையில் அனுப்புவதால் தாமதம் தெரியாது, அம்மா டிவி முன்னால் உட்கார்ந்ததும் தானாகவே சேர்ந்துகொள்ளும்படி வைக்கலாம். ஆனால் ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனி மிஷினோடு பொதுவாகச் சேராது, அதனால் பேரம் பேசும்போதே பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெட்டியை மாட்டியும் சத்தமே வரவில்லை என்றால் பதறாதீர்கள். டிவி செட்டிங்ஸில் டிஜிட்டல் ஒலியை டால்பியிலிருந்து பி.சி.எம்.முக்கு மாற்றுங்கள், பல சமயம் அதுதான் காரணம். ஹெட்போன் துளையில் மாட்டினால் சில டிவிகளில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அம்மா மட்டும் கேட்பார், வீட்டில் மற்றவர்கள் படம் பார்க்க வேண்டியதுதான். ஆப்டிகல் துளை இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள்.

அப்புறம், டெலிகாயில் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். பழைய சங்கதி என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் கோபமே உண்டு. மிஷினுக்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். அரங்கத்திலோ பிரார்த்தனைக் கூடத்திலோ தரையில் லூப் கம்பி போட்டிருந்தால் மைக்கில் பேசுவது காந்தப்புலமாக வந்து நேராகக் காதில் விழும். ப்ளூடூத் மாதிரி சேர்த்து வைக்கும் வேலை கிடையாது, ஆப் கிடையாது, எந்தக் கம்பெனி மிஷின் என்ற கேள்வியும் கிடையாது. ஆரகாஸ்ட் என்று எல்.ஈ. ஆடியோவில் இதே வேலைக்குப் புது முறை வந்திருக்கிறது, நல்லதுதான், ஆனால் எல்லா இடத்திலும் அது வரும்வரை டெலிகாயிலை விடாதீர்கள். சின்னதாக்குகிறேன் என்று சார்ஜ் மாடல்களில் முதலில் தூக்குவது இதைத்தான்.

---

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் நன்றி. முதல் வகையைச் சோதனைக்கு வாங்கி வந்து போட்டுப் பார்த்தோம். நேரில் பேசுவது நன்றாகப் புரிகிறதாம். ஆனால் போனில் இரண்டு தொல்லை. அம்மா சமையலறையில் நின்று பேசினால் குழாய்த் தண்ணீர் சத்தம்தான் கேட்கிறது என்கிறார் என் அக்கா. அடுத்து, லேப்டாப்பிலும் சேர்த்து வைத்தேன், அதிலிருந்து நினைத்தபோதெல்லாம் டிங் டிங் என்று அம்மா காதில் விழுகிறது, அந்த நேரம் சுற்றிலும் பேசுவது அமுங்கிப்போகிறதாம். அவர் கழற்றி வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

---

பழையகாது:

இரண்டுமே அந்த வகையின் குணம். மைக் காதோரம் இருப்பதால் சுற்றியுள்ளதையும் சேர்த்து எடுக்கும். சத்தமான இடத்தில் பேசும்போது அழைப்புத் திரையில் ஒலி எங்கே போகிறது என்று காட்டும் குறியைத் தொட்டு ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது சமையலறையை விட்டு வெளியே வந்து பேசச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரண்டாவதுதான் சுலபம்.

லேப்டாப்பில் எந்தச் சத்தம் எழுந்தாலும் மிஷின் அதை ஸ்ட்ரீமிங் (ப்ளூடூத் வழியாகக் காதுக்கு வரும் ஒலி) என்று எடுத்துக்கொண்டு வெளி மைக்கை அடக்கிவிடும். அதனால் லேப்டாப்பின் அறிவிப்பு ஒலிகளை ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுங்கள், வீடியோ கால் இல்லாத நேரத்தில் அதன் ப்ளூடூத்தையும் அணைத்து வையுங்கள். அதைவிட நல்ல வழி, லேப்டாப்பை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையும் போனிலேயே வைத்துக்கொள்வது. போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும்.

---

ஒலியளவு:

வெளி மைக் அமுங்குவதை ஆடியாலஜிஸ்ட் மாற்றித் தர முடியும். ஸ்ட்ரீமிங் வரும்போது சுற்றுப்புற ஒலி எவ்வளவு குறைய வேண்டும் என்பது மென்பொருளில் இருக்கிறது, அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், அம்மா ஆப்பைத் தொடவே வேண்டாம். சில மாடல்களில் மிஷினில் உள்ள பட்டனையே போன் எடுக்கவும் வைக்கவும் அமைத்துத் தருவோம், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு காதில் மட்டும் போன் குரல் விட்டு விட்டு வந்தால் அம்மா போனை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பையில் பின்னால் வைத்தால் உடம்பே சிக்னலை மறைக்கும். போன் அப்டேட் ஆன மறுநாள் சேரவில்லை என்றால் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, மிஷினைச் சார்ஜரில் வைத்து, எடுத்த சில நிமிடங்களுக்குள் மறுபடி சேருங்கள். முதல் சில மாதங்களுக்கு அந்த வேலை உங்களுடையதுதான்.

---

நிலாமுற்றம்:

லேப்டாப் ப்ளூடூத்தை அணைத்தாயிற்று, டிங் டிங் நின்றுவிட்டது. டெலிகாயில் இந்த மாடலில் இல்லையாம், அதே கம்பெனியில் பேட்டரி மாற்றும் மாடலில் இருக்கிறது என்கிறார்கள். அம்மாவின் விரலுக்கு அந்தச் சின்னப் பேட்டரி பிடிபடுமா என்று நாளை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.