லேபர் வார்டு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

முதலில் என் கதை. எங்கள் தலைப்பிரசவத்தில் அந்தக் கதவுக்கு வெளியே 14 மணி நேரம் நின்றேன். நிஜமாகவே நின்றேன், இருந்தது ஆறு நாற்காலி, காத்திருந்தது முப்பது பேராவது இருக்கும். கதவு லேசாக அசைந்தாலே எல்லோரும் எழுந்துவிடுவோம். ஒரு பெயரைக் கூப்பிடுவார்கள். அது என் மனைவியின் பெயராக இருக்காது. மறுபடி சுவரோரம்.

இரவு 9 மணிக்கு அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். 11 மணிக்கு ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்து, "நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கு" என்றார். அதிகாலை 3 மணிக்கு வேறொருவர், "அஞ்சு வந்திருக்கு" என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கர்ப்பவாய் பத்து சென்டிமீட்டர் திறந்தால்தான் குழந்தை வெளியே வரும். நாலு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால், பத்து வர இன்னும் 20 மணி நேரம். என்னவோ சரியில்லை, மறைக்கிறார்கள் என்று தோன்றியது. கதவைத் தட்டினேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெளியே இருங்க சார்" என்று சொல்லிச் சாத்திவிட்டார்கள். மறுநாள் காலை 11 மணிக்குக் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். ஆனால் அந்த ராத்திரியின் கோபம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. உள்ளே வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்த நாலு மணி நேரம் என்னதான் நடந்திருக்கும்?

பிரசவ வார்டு செவிலியர்:

19 வருடமாக அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறேன். உங்கள் கணக்கு தப்பு. கோபம் சரிதான்.

கர்ப்பவாய் ஒரே வேகத்தில் திறக்காது. தலைப்பிரசவத்தில் நாலு, அஞ்சு வருவதற்கே ஒரு ராத்திரி போய்விடும். அதற்குப் பிறகு மளமளவென்று நகரும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துத்தான் நாங்களும் படித்தோம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அதை மாற்றியது. முழுவீச்சு வலி 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது, அதிலிருந்து தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் மெதுவாகத் திறக்கிறது என்பதற்காக மட்டும் அவசரப்பட வேண்டாம் என்றது. உங்கள் மனைவிக்கு 3 மணிக்கு அஞ்சு, 11 மணிக்குக் குழந்தை. எட்டே மணி நேரம். எந்தக் குறையும் இல்லாத பிரசவம் அது. இன்னொன்று, உள்பரிசோதனை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அடிக்கடி கைவிட்டுப் பார்த்தால் தொற்றுதான் மிச்சம். அதனால் நடுவில் நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் எங்களிடம் புது எண் இருக்காது.

இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பீர்கள். ஒரு ராத்திரி டூட்டியைச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேர், வலியில் ஒன்பது தாய்மார். முழுவீச்சு வலி வந்தவருக்கு அரை மணிக்கு ஒருதரமாவது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். ஒரு நிமிஷம் முழுக்க எண்ணி, எழுதி, அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் மூன்று, நாலு நிமிஷம். ஒன்பதாவது கட்டிலை முடிக்கும்போது முதல் கட்டிலுக்கு நேரமாகியிருக்கும். நடுவில் ஒருவர் முக்க ஆரம்பித்தால், அவருக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்க வேண்டும். ஒருத்தி அங்கேயே நின்றுவிடுவாள். மீதி எட்டுப் பேரும் இன்னொருத்தி தலையில். அந்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்படும்.

இது காரணம், நியாயம் இல்லை. கதவைச் சாத்த ஆகும் நேரத்தில் "இனிமேல் 7 மணிக்குத்தான் பார்ப்போம், துடிப்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லாமல் சாத்தியிருக்கிறேன்.

இரண்டு குழந்தைகளின் தாய்:

வெளியே நின்றவர் கதையைச் சொல்லிவிட்டார், படுத்திருந்தவள் கதையையும் கேளுங்கள். முதல் பிரசவத்தில் தனியாக இருந்தேன். கத்தினேன் என்று திட்டினார்கள். என்ன வார்த்தை என்று இங்கே எழுத மாட்டேன், கேட்டவர்களுக்குத் தெரியும். வலி மறந்துவிட்டது, வார்த்தை மறக்கவில்லை. வேலை அதிகம் என்பது திட்டுவதற்குக் காரணம் ஆகாது. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குழந்தை பிறந்து நஞ்சும் வெளியே வந்தாயிற்று, அப்பாடா என்று கண்ணை மூடினால் ஒருவர் வந்து அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தார். உயிரே போனது. பழிவாங்குகிறார்கள் என்றே நினைத்தேன். இரண்டாவது பிரசவம் வேறு இடத்தில். அங்கே என் அக்காவைக் கூடவே இருக்க விட்டார்கள். அதே அழுத்தல் அங்கேயும் இருந்தது. ஆனால் அந்த சிஸ்டர் முதலில் என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்தார். "இங்க தொட்டுப் பாருங்கம்மா, பந்து மாதிரி கெட்டியா இருக்கா? இதுதான் கர்ப்பப்பை. இது தளர்ந்துச்சுன்னா ரத்தம் நிக்காது. அதான் அமுக்கிப் பாக்குறோம்" என்றார். வலி என்னவோ அதேதான், ஆனால் இந்தத் தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கெட்டியாக இருக்கிறதா என்று நானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தளர்ந்தால் கூப்பிடச் சொல்லி அக்காவிடமும் காட்டிக்கொடுத்தார். ஒன்பது பேரைப் பார்க்கும் சிஸ்டருக்கு இரண்டு கண் கூடக் கிடைத்த மாதிரிதானே?

பயிற்சி மருத்துவர்:

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தை பிறந்ததும் அழவில்லை. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம். அசைவே இல்லை. முதல் ஒரு நிமிஷத்துக்குள் மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும், எல்லோர் கவனமும் அதில்தான். கட்டிலில் இருந்து அந்த அம்மா, "ஏன் அழல? ஏன் டாக்டர் அழல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் நாலு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்ன சொல்வது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா துணியைப் போட்டுவிட்டுப் போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு குடுக்குறாங்கம்மா. நெஞ்சு ஏறி இறங்குது. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்." பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை, நல்லாயிடும் என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நல்ல அழுகை. இப்போது குழந்தைக்குக் காற்று கொடுக்கும்போதெல்லாம் ஒருவரை அம்மா பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். அந்த ஆயாவிடம் நன்றி சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

முதலில் எழுதியவர்:

எல்லோருக்கும் நன்றி. இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு, இரண்டாவது குழந்தைக்கு இப்போது 36 வாரம். சிஸ்டர், இந்தத் தடவை கதவு திறந்தால் நான் என்ன கேட்க வேண்டும்?

செவிலியர்:

"எப்போ பிறக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. குழந்தையின் துடிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். 110-க்கும் 160-க்கும் நடுவில் சொன்னால் நல்லது. அடுத்த பரிசோதனை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த மணிக்கு வந்து நில்லுங்கள், நாங்களும் பதிலோடு இருப்போம். அதற்கு முன்னால் வீட்டில் ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலி வரட்டும் என்று உட்காராதீர்கள், நேராகக் கிளம்பி வாருங்கள். பிரசவத்தின்போது தாய்க்குப் பிடித்த ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதும் அதே 2018 வழிகாட்டியில் இருக்கிறது. இடம் இல்லை, பக்கத்துக் கட்டில்காரருக்குச் சங்கடம் என்று பல இடங்களில் விட மாட்டார்கள். ஒரு மறைப்புத் திரை இருந்தால் பாதி சங்கடம் தீர்ந்துவிடும். அடுத்த செக்கப்பிலேயே கேட்டு வையுங்கள், வலி வந்த பிறகு கேட்டால் நேரம் இருக்காது.

முதலில் எழுதியவர்:

இன்று கேட்டுவிட்டேன். ஒருவரை விடுவார்களாம். நானே போகிறேன் என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்குப் போன் போட்டாள்.