புதுப்பிப்பு: கோபுரத்தடியில் கிடந்த கறுப்பு உருண்டைகள்

கோயில் கோபுரத்தின் அடியில் கட்டைவிரல் அளவில் கறுப்பு உருண்டைகள் கிடக்கின்றன, எச்சமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். எச்சம் இல்லை. மேலே குடியிருக்கும் கூகை (ஒருவகை ஆந்தை) செரிக்க முடியாமல் வாய்வழியே கக்கிய எலும்பும் மயிரும்தான். பன்னிரண்டை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். (அந்தக் கிண்ணத்தை வீட்டில் இனி யாரும் தொடமாட்டார்கள்.) பெரும்பாலும் எலி மண்டையோடுகள்: ஆரஞ்சு நிற முன்பற்கள், அவற்றுக்குப் பின்னே வெற்று இடைவெளி. இரண்டில் மட்டும் கூரிய பற்கள் இடைவெளியின்றி நெருங்கியிருந்தன, அவை மூஞ்சூறு.

குஞ்சுகள் நான்கு. மூத்ததற்குச் சிறகு முளைக்கத் தொடங்கிவிட்டது, கடைக்குட்டி இன்னும் பஞ்சுருண்டை. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் முட்டையிட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் வரும் வேறுபாடு இது. இரை குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடைக்குட்டிதான். எல்லாம் தரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தது, கூட்டருகே ஏறவில்லை.