மாமா கொண்டுவந்த பாலிசி: போடலாமா?

சிறுசேரிக்காரன்:
வயது 26, ஐடி வேலை, கல்யாணம் ஆகவில்லை. போன வாரம் விருதுநகர் போயிருந்தபோது அம்மாவின் தம்பி விண்ணப்பத்தோடு வந்துவிட்டார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வருடம் 60,000 வீதம் 20 வருடம் கட்டினால் 22 லட்சம் வருமாம். நடுவில் ஏதாவது ஆனால் 12 லட்சம். "வரியும் மிச்சம் மாப்ள" என்றார். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன், பிரீமியத்துக்கான வரிக் கழிவு (80சி) கிடையவே கிடையாது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆபீஸில் 30 லட்சத்துக்கு குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. எனக்கு எதற்கு இன்னொன்று என்றால், "அச்சானியமாப் பேசாதே" என்கிறார் அம்மா. (அச்சானியமாகப் பேசியது மாமாதான்.)

கணக்குப்பிள்ளை:
60,000 கட்டி 22 லட்சம் என்றால் வருடத்துக்கு ஐந்தரை சதவீதம்தான். அரசின் சேமிப்புத் திட்டமான பிபிஎஃப்பிலேயே 7.1 தருகிறார்கள். அது கிடக்கட்டும், உங்கள் சம்பளத்தை நம்பி யார் இருக்கிறார்கள்? கடன் உண்டா?

சிறுசேரிக்காரன்:
வீட்டுக் கடன் 28 லட்சம் பாக்கி. அப்பா பெயரும் என் பெயரும். அப்பா ரிடையர் ஆகிவிட்டார், இஎம்ஐ என் கணக்கில்தான் போகிறது. இதை யோசிக்கவே இல்லை.

பழைய பெஞ்சு:
ஆபீஸ் பாலிசியை நம்பாதீர்கள். 2023இல் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள், அன்றோடு அதுவும் போனது. தனியாக டெர்ம் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) போடப் போனால் மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை. 34 வயதில்! பிரீமியத்தை ஏற்றித்தான் கொடுத்தார்கள். உங்கள் வயதில் ஒரு கோடிக்கு வருடம் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. மாமாவிடமே டெர்ம் கேளுங்கள், உறவும் கெடாது. ஒன்று மட்டும்: சிகரெட், பழைய வியாதி எதையும் மறைக்காதீர்கள். முதல் மூன்று வருடத்துக்குள் கிளெய்ம் வந்தால் தோண்டித் துருவுவார்கள்.

சிறுசேரிக்காரன்:
இப்போதுதான் மாமாவுக்குப் போன் போட்டேன். "டெர்மா? உயிரோட இருந்தா ஒத்தப் பைசா திரும்ப வராதே மாப்ள" என்று கொஞ்ச நேரம் புலம்பினார். அப்புறம் சரி என்று ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். "சிகரெட் பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தாராம், அம்மா பக்கத்தில்.