மூக்கு டியூப்பை எடுத்துட்டு வயித்துல பெக் டியூப் போடச் சொல்றாங்க, போடலாமா?

மணப்பாறைக்காரன்:
அப்பாவுக்கு 71 வயசு, ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை மாசம் ஆகப்போகுது. வலது பக்கம் இன்னும் வரல, தண்ணி குடுத்தா உடனே பொறையேறுது, அதனால மூக்கு வழியா ரைல்ஸ் டியூப்லதான் கஞ்சி, பால், மாத்திரை எல்லாமே. ராத்திரில இடது கையால அதப் புடுங்கிடுறாரு, கையக் கட்டி வைங்கன்றாங்க, அம்மாவால அதப் பாக்க முடியல. டாக்டர் பெக் (வயித்துல சின்ன ஓட்டை போட்டு நேரா இரைப்பைக்குள்ள வைக்கிற சாப்பாட்டு டியூப்) போட்டுக்கலாம்ன்றாரு. சித்தப்பாவோ வயித்துல ஓட்டை போட்டா அப்புறம் வாயால சாப்பிடவே முடியாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. போட்டா நெஞ்சுல சளி கட்டுறதாவது நிக்குமா?

வார்டு சிஸ்டர்:
தம்பி, சித்தப்பா சொல்றது தப்பு. முழுங்க வந்துடுச்சுன்னா டியூப்ப எடுத்துடலாம், ஓட்டை தானா மூடிக்கும், டியூப் இருக்கும்போதே ஸ்பீச் தெரபிஸ்ட் பாத்து சரின்னு சொன்னா வாயாலயும் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம். பொதுவா நாலு வாரத்துக்கு மேல டியூப் தேவைப்படும்னு தெரிஞ்சாதான் பெக் பத்தி பேசுவாங்க, ஸ்ட்ரோக் வந்த உடனே அவசரப்பட்டு போடுறதுல லாபம் இல்லன்னு 2005லயே ஃபுட் ட்ரயல்னு பெரிய ஆய்வுல வந்துடுச்சு. உங்கப்பா அந்தக் கட்டத்தத் தாண்டிட்டாரு.

பெரிய ஆபரேஷன் இல்ல. லேசா மயக்கம் குடுத்து வாய் வழியா எண்டோஸ்கோப் விடுவாங்க, உள்ள இருக்கிற லைட் வயித்துத் தோல்ல செவப்பா தெரியும், அந்த எடத்துல சின்னதா கீறி டியூப்ப வெளிய இழுப்பாங்க, அரை மணி நேர வேலை.

ஆனா சளி விஷயத்துல ஏமாந்துடாதீங்க. எச்சில் தப்பா நுரையீரலுக்குள்ள எறங்குறதையோ வயித்துல இருக்கிறது மேல ஏறி வர்றதையோ பெக் தடுக்காது, நிமோனியா ரிஸ்க் அப்படியேதான் இருக்கும். படுக்க வச்சு ஃபீட் குடுக்கவே கூடாது, தலைப்பக்கம் 30லேர்ந்து 45 டிகிரி தூக்கி வைங்க, குடுத்து முடிச்சும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

கோவை அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கு வாய் கேன்சர், ரேடியேஷனுக்கு முன்னாடியே போட்டாங்க, முடிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சதும் எடுத்தாச்சு. டியூப்ப விட பராமரிப்புதாங்க பெரிய வேலை. ஃபீடுக்கு முன்னாடியும் பின்னாடியும் சிரிஞ்ச்ல 30 மில்லி தண்ணி தள்ளணும், ஒரு தடவ விட்டாலும் கேழ்வரகுக் கஞ்சி உள்ள சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும். எங்களுக்கு ஒரு தடவ ஓட்டையச் சுத்தி சிவந்து சீழ் வச்சு ஆன்டிபயாட்டிக் போட வேண்டியதாச்சு. வெளிய இருக்கிற வளையத்த வயித்தோட டைட்டா அழுத்தி வைக்காதீங்க, டியூப் கழண்டு வராம உள்ள பிடிச்சிருக்கிற பட்டன் சதைக்குள்ள பொதஞ்சிடும். புண்ணு ஆறினப்புறம் டியூப்ப லேசா உள்ள தள்ளி சுத்தி விடச் சொல்லிக் குடுப்பாங்க, நல்லா கத்துக்கோங்க.

சும்மா ஒரு கேள்வி:
எங்க பாட்டிக்கு அல்சைமர்ஸ் முத்திப்போச்சு, சாப்பாட்டத் துப்புறாங்க, இவங்களுக்கும் இது சரிவருமா?

வார்டு சிஸ்டர்:
அது வேற கதைங்க. மறதி நோய் கடைசி கட்டத்துல டியூப் ஆயுச நீட்டிக்கிறதா தெரியல, கைகால கட்டி வைக்கிறதும் படுக்கைப்புண்ணும்தான் கூடும். முதியோர் மருத்துவத்துக்கான அமெரிக்கன் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டியே வேண்டாம்னு சொல்லுது, பொறுமையா கையால ஊட்டுங்க, எவ்ளோ எறங்குதோ அவ்ளோ போதும்.

மணப்பாறைக்காரன்:
ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றிக்கா. அப்பா ரத்தம் கட்டாம இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை எடுக்குறாரு, அத நிறுத்தணுமா? அப்புறம் இதையும் புடுங்கிட்டா?

வார்டு சிஸ்டர்:
நீங்களா நிறுத்தாதீங்க, திரும்ப ஸ்ட்ரோக் வர வாய்ப்பிருக்கு. எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேஸ்ட்ரோ டாக்டரும் நியூரோ டாக்டரும் பேசி சொல்லட்டும். புடுங்குறது இதுலயும் நடக்கும், வயித்துல பெல்ட் கட்டி சட்டைக்குள்ள மறைச்சு வைங்க. போட்ட மொதல் மாசத்துல வெளிய வந்துட்டா வீட்ல திருப்பி சொருகவே கூடாது, பாதை சரியா ஆறியிருக்காது, டியூப் இரைப்பைக்குள்ள போகாம அதுக்கு வெளிய போயிட்டு அதுல ஃபீட் குடுத்தா உயிருக்கே ஆபத்து. அதுக்கப்புறம் வந்தாலும் சில மணி நேரத்துலயே ஓட்டை மூட ஆரம்பிச்சுடும், காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே கெளம்பிடுங்க, வெளிய வந்த டியூப்பையும் எடுத்துட்டுப் போங்க, சைஸ் பாக்க உதவும்.