துறைமுகக் கன்டெய்னர் யார்டில் முதலில் எதை மாற்ற வேண்டும்: கிரேனையா, வேலைமுறையையா?

செல்வம், திருவொற்றியூர்:
2023 மே மாதம் ஒன்றிய அரசு வெளியிட்ட 'ஹரித் சாகர்' பசுமைத் துறைமுக வழிகாட்டுதல்கள், 2030க்குள் துறைமுக வாகனங்களிலும் எந்திரங்களிலும் பாதிக்கு மேல் மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்கின்றன. கன்டெய்னர் முனையங்கள், பெட்டிகளை அடுக்கி எடுக்கும் ரப்பர் டயர் கிரேன்களில் தொடங்கவேண்டும் என்பது என் வாதம். நிறைபாரப் பெட்டியைத் தூக்கும் சில நொடிகளுக்காகவே டீசல் கிரேனில் அவ்வளவு பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் லாரிக்காகக் காத்துக்கொண்டு வீணாக ஓடுகிறது. பெட்டி இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்யும். வழக்கமான டீசல் கிரேன் அதை மின்தடைகளில் வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறது. கிரேனைக் கேபிள் மூலம் மின்பாதையில் இணைத்தால் பக்கத்துக் கிரேன் அதைப் பயன்படுத்தலாம்.

மாலதி, காசிமேடு:
செல்வம் அண்ணா, இந்த நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியில் பிறக்கிறது. யார்டில் நிற்கும் புகை அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறும். அங்கே வசிப்பவர்களும் நம் மக்கள்தானே? அடியில் கிடக்கும் ஒரு பெட்டிக்காக மேலே இருக்கும் மூன்றை எடுத்து வேறிடத்தில் வைக்கிறார்களே, வீண்செலவு அங்கேதான் இருக்கிறது. எந்த லாரி எப்போது எந்தப் பெட்டிக்கு வரும் என்பது முன்பே தெரிந்தால் இதில் பெரும்பகுதி குறையும். முன்பதிவு முறைக்குக் கேபிளும் வேண்டாம், புதுக் கிரேனும் வேண்டாம்.

செல்வம்:
முன்பதிவா? எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநரிடம் "பத்து மணிக்கு வா" என்று யார் சொல்வது? நிலக்கரி மின்சாரம் என்றாலும், காத்திருக்கும் மின்கிரேன் மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கும். அதனடியில் நாள் முழுக்க நிற்கும் தொழிலாளியின் மூச்சில் டீசல் புகையும் ஏறாது.

யார்டு எலக்ட்ரீஷியன்:
ரப்பர் டயர் கிரேனின் சிறப்பே பிளாக் (பெட்டிகள் அடுக்கிய பகுதி) விட்டு பிளாக் போவதுதான். கேபிளில் ஓடும் கிரேன் அப்படிப் போக, கேபிளைக் கழற்றிவிட்டு பாட்டரியிலோ சிறிய டீசல் எஞ்சினிலோ நகரவேண்டும். அதையும் திட்டத்தில் சேருங்கள். இன்னொன்று: ரீஃபர் எனும் குளிரூட்டும் பெட்டிகளைப் பற்றி இருவருமே பேசவில்லை. மைனஸ் 18 டிகிரியில் இருக்கவேண்டிய இறால் பெட்டிகள் சென்னை வெயிலில் கூரையின்றி நிற்கின்றன. நிழல் கொடுத்தாலே கம்ப்ரஸரின் வேலை குறையும்.

மாலதி:
ரீஃபருக்குக் கூரை போடுவதை இன்றே தொடங்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. சாலை நெரிசலுக்குத் துறைமுகத்துக்கு வெளியே லாரி நிறுத்துமிடம் வேண்டும், முன்பதிவு அங்கிருந்து தொடங்கட்டும். கிரேனுக்கு டெண்டர் விடுமுன், ஒரு பெட்டி வெளியேறுவதற்குள் எத்தனை முறை தூக்கப்படுகிறது என்ற கணக்கை முனையங்கள் வெளியிடவேண்டும். அந்தக் கணக்கு வராமல் வாங்கும் மின்கிரேன், தேவையற்ற தூக்கல்களை மின்சாரத்தில் செய்துகொண்டிருக்கும்.