மே கடைசியில் சாஸ்தா மலையில் ஸ்கீ: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மே கடைசி வாரம் நண்பர்கள் நான்கு பேர் கலிபோர்னியாவில் 4,322 மீட்டர் உயரமுள்ள சாஸ்தா மலைக்கு ஸ்கீயோடு (பனிச்சறுக்குப் பலகை) போகிறோம். பன்னி ஃபிளாட் என்ற அடிவாரத் தொடக்க இடத்திலிருந்து ஏறி, ஹெலன் ஏரியருகே கூடாரம் போட்டு, மறுநாள் அவலாஞ்ச் கல்ச் என்ற பள்ளச் சரிவு வழியாக இறங்கத் திட்டம். ஐஸ் கோடரி, கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்கள்), ஹெல்மெட் எல்லாம் தயார்.

குழப்பம் நேரத்தில்தான். இரவில் உறைந்த பனி, வெயிலில் மேலாக ஓரங்குலம் இளகும்போது சறுக்குவது தனி சுகம். சீக்கிரம் இறங்கினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். தாமதித்தால் கொழகொழத்து, ஈரப் பனிச்சரிவு வரலாம். மேலே ரெட் பேங்க்ஸ் பாறைகள் பக்கம் கல்லும் உருளும். நீங்கள் எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்கினீர்கள்? இரவு சரியாக உறையாவிட்டால் திரும்பிவிடுவீர்களா?

அப்புறம், எங்களில் ஒருத்திக்கு இதுதான் முதல் பெரிய மலை. அவளுக்காக ஹிடன் வேலி பள்ளத்தாக்கு வழியாக மலையின் மேற்குச் சரிவுக்கு மாற்றிக்கொள்ளலாமா? அவள் பத்திரமாக இறங்குவதுதான் எங்களுக்கு முக்கியம், உச்சி இல்லை.