‘ஸ்கோப் ஃபார் குரோத்’: வளர்ச்சி வாய்ப்பா, வளர்ச்சி மீதியா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘ஸ்கோப் ஃபார் குரோத்’ என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘வளர்ச்சி வாய்ப்பு’ என்றே வைத்துவிடலாமே. படித்ததும் புரிகிறது. அகராதியிலும் ஸ்கோப் என்றால் வாய்ப்புதான்.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. எண்ணெய் மாசு சிப்பிகளின் வளர்ச்சியை எப்படிக் கெடுக்கிறது என்ற கட்டுரைக்காகத்தான் இந்தச் சொல்லைத் தேடுகிறோம். அங்கே இது ஒரு கழித்தல் கணக்கின் விடை. பாறையில் நார்விட்டு ஒட்டிக்கொள்ளும் மஸல் சிப்பி, கடல்நீரை வடிகட்டி நுண்பாசிகளைத் தின்கிறது. தின்றதில் செரித்து உடம்பில் சேரும் ஆற்றல் வரவு. சுவாசத்துக்குப் போவதும் அம்மோனியாவாக வெளியேறுவதும் செலவு. செலவு போக நிற்பதுதான் ஸ்கோப் ஃபார் குரோத். சதை வைப்பதும் முட்டை, விந்து உண்டாவதும் அந்த மிச்சத்திலிருந்துதான்.

கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன், எந்த ஆய்விலிருந்தும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வரவு 30 ஜூல் (ஜூல் ஆற்றலின் அலகு), சுவாசம் 12, கழிவு 1 என்றால் விடை 17. நீரில் எண்ணெய் கரைந்ததும் வரவு 10 ஆகிறது, சுவாசம் 12-லேயே நிற்கிறது, கழிவும் அதே 1. விடை −3. சிப்பி சேமிப்பைக் கரைத்து உயிர் வாழ்கிறது. ‘வளர்ச்சி வாய்ப்பு −3’ என்று அட்டவணையில் போட்டால் வாசகர் என்ன நினைப்பார்?

வரவு ஏன் சரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு அது தேவை. எண்ணெயில் உள்ள ஹைட்ரோகார்பன்கள், முக்கியமாக நாஃப்தலீன் போன்ற சிறிய வளையச் சேர்மங்கள், உயிரணுச் சவ்வின் கொழுப்பில் புகுந்து ஒருவித மயக்கத்தை உண்டாக்குகின்றன. செவுளில் நீரைத் தள்ளும் குறுயிழைகள், அதாவது நுண்ணிய மயிர் போன்ற இழைகள், தளர்கின்றன. வடிகட்டுவது குறைந்தால் உணவும் குறையும். அடி முதலில் விழுவது பெரும்பாலும் வரவுப் பக்கம்தான். மீனைப் போல இந்தச் சேர்மங்களை விரைவாகச் சிதைத்து வெளியேற்றும் திறன் சிப்பிக்கு மிகக் குறைவு, அதனால் அவை திசுவில் தங்கிச் சேர்கின்றன. கடல் மாசைக் கண்காணிக்கச் சிப்பியைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

ஓடு எவ்வளவு வளர்ந்தது என்று அளந்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு வாரங்களோ மாதங்களோ காத்திருக்க வேண்டும். ஓடு நீண்டிருக்கும், உள்ளே சதை வற்றியிருக்கும், அதுவும் நடக்கும். இந்தக் கழித்தல் கணக்கை ஆய்வகத்தில் சில மணி நேர அளவீடுகளில் முடித்துவிடலாம்.

இனி சொல்லின் வரலாறு. 1947-இல் ஃப்ரை என்ற ஆய்வாளர் மீன்களுக்கு ‘ஸ்கோப் ஃபார் ஆக்டிவிட்டி’ என்றார். முழு வேகத்தில் நீந்தும்போது ஆகும் ஆற்றல் செலவுக்கும் சும்மா இருக்கும்போது ஆகும் செலவுக்கும் உள்ள வேறுபாடு அது. 1967-இல் வாரனும் டேவிஸும் அந்த அச்சிலேயே ‘ஸ்கோப் ஃபார் குரோத்’தை வார்த்தார்கள், மீன்களுக்குத்தான். பெய்ன், விடோஸ் போன்ற ஆய்வாளர்கள் பிறகு அதைச் சிப்பிக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, பிறந்த நாளிலிருந்தே ஸ்கோப் என்றால் இங்கே கழித்து வந்தது. அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

‘வளர்ச்சி எச்சம்’ யோசித்தேன். பெயரெச்சம், வினையெச்சம், பறவை எச்சம் மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ‘வளர்ச்சி மீதி’ என் தேர்வு.

---

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. இரண்டு ஐயங்கள். வகுத்தலில் வரும் மீதி குறை எண்ணாக இருக்காதே? ‘நிகர வளர்ச்சி ஆற்றல்’ என்றால் நிகர நட்டம் போலக் குறை எண்ணும் இயல்பாக உட்காரும். மீதிதான் வேண்டும் என்றால் ‘வளர்மீதி’ என்று சுருக்கலாமே.

இன்னொன்று, கட்டுரையில் ‘சுத்தமான நீருக்கு மாற்றினால் மீள்கின்றன’ என்று ஒரு வரி வருகிறது. மாற்றாமல் அதே இடத்தில் விட்டால்?

---

‘வளர்மீதி’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வினைத்தொகையாகப் படித்தால் வளர்கிற மீதி என்றாகிவிடும். நம் சிப்பிக்கு நடப்பது நேர் எதிர்!

‘நிகர’ நல்ல யோசனை. ஆனாலும் ‘நிகர வளர்ச்சி’ வரை மட்டும் படித்துவிட்டு, உண்மையில் நடந்து முடிந்த வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள். இது வளர்வதற்குக் கையில் உள்ள ஆற்றல், வளர்ந்த அளவு வேறு. அதனால் முதல் முறை ‘வளர்ச்சிக்கான ஆற்றல் மீதி’ என்று முழுதாக எழுதுவோம், அப்புறம் ‘வளர்ச்சி மீதி’. வகுத்தல் மீதியோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், ஜூல் பக்கத்திலேயே நிற்கும்.

மீள்வது பற்றி: நீர் தெளிந்தால் திசுவில் சேர்ந்தது மெல்ல வெளியேறும், வடிகட்டும் வேகமும் திரும்பும். இடமே எண்ணெயைப் பிடித்து வைத்திருந்தால் கதை வேறு. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டியபின், நெருக்கமாக ஒட்டியிருந்த சிப்பிப் படுகைகளின் அடியில் எண்ணெய் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அந்த வரியில் ‘எண்ணெய் எஞ்சாத நீருக்கு’ என்று சேர்த்துவிடுங்கள்.

அடுத்து ‘கிளியரன்ஸ் ரேட்’. ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் நீரைச் சிப்பி துகள் இல்லாமல் ஆக்குகிறது என்ற அளவு. ‘வடிகட்டு வீதம்’ என்று வைத்தால் ‘ஃபில்ட்ரேஷன் ரேட்’டுக்குச் சொல் இருக்காது. ‘நீர்தெளி வீதம்’ எப்படி?